பன்றிக் காய்ச்சல் வருஷத்துக் கல்யாணம்

என் கணவர் வேலை முடிந்து வந்தால் நேரே குளியலறைக்குத்தான் போவார். வேலையிடத்திலேயே குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். இருந்தாலும் வீட்டில் இன்னொரு குளியல் உண்டு. சிவப்புச் சவுக்காரத்தை முழங்கை வரைக்கும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலே வெளுத்துப் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவார். அதற்கும் பிறகுதான் கோப்பி.

மேற்கே இருந்த பன்றி அறுக்கும் கூடத்தில் அவருக்கு வேலை. கத்தி பிடிக்கிற வேலை இல்லை. படகில் வந்து லாரி ஏறி வரும் பன்றிகளை இறக்கி, தொழுவத்தில் அடைத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, நோஞ்சானாக நிற்பதைத் தனியே ஒதுக்கிவிடுகிற வேலை. வாடை என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் என் மனசில்தான் இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் வாடை இருந்தது. நான் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுப்பார். விரதம் தொடங்கினால் சூப்பர்வைசரிடம் சொல்லி, விரதம் முடிகிறவரை வெளியே லாரி கழுவுகிற இடத்துக்கு மாற்றிக்கொள்வார். அந்தச் சீனக் கிழவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. கேள்வி கேட்டதெல்லாம் நம் ஆட்கள்தான். டேங்க் ரோட்டு முருகன் கோயிலில் குடத்தை இறக்கிவைத்த கையோடு, பக்கத்தில் நிற்கிறவர், "எங்க வேலை பாக்குறீங்க?" என்பார். இவர் சொல்லுவார். அந்த மனுஷர் மெதுவாக அரையடி தள்ளி நின்றுகொள்வார்.

இவருக்கு ஒரே அக்கா. எனக்கு நாத்தனார். சின்ன வயதிலேயே தாலியை இழந்தவர், கையில் ஒரு பெண் குழந்தை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்தக் குழந்தைக்குக் காது குத்தியது இவர் மடியில், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் என்றால் பாலிகிளினிக்கில் வரிசையில் நின்றது நான். நாங்களும் சுவா சூ காங், அவர்களும் சுவா சூ காங். நடுவில் ஒரு கார் நிறுத்துமிடம்தான். பெண் வளர்ந்து படித்து, பேங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈசூனில் நல்ல மாப்பிள்ளை வீடு அமைந்தது. அப்பா இல்லாத பெண், அம்மா மணவறையில் உட்கார முடியாது என்பது நம் வழக்கம். ஆகவே நானும் இவரும் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. இவர் அதற்கென்று பட்டு வேட்டி வாங்கினார். வாங்கியதை வாரத்துக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைப்பார். சின்னப்பிள்ளை கெட்டது போங்கள் என்று நான் கேலி செய்வேன்.

மாப்பிள்ளை வீட்டில் என் நாத்தனார், "தம்பி லாஜிஸ்டிக்ஸ்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருந்தார். எங்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். லாரியிலிருந்து பன்றி இறக்குவதும் லாஜிஸ்டிக்ஸ்தானே என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம்தான் பன்றிக் காய்ச்சல் வந்தது. எங்கோ மெக்சிகோவில் தொடங்கி, விமானம் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆபீஸ் வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், பள்ளிக்கூடத்தில் பார்த்தார்கள். மனுஷரிடமிருந்து மனுஷருக்குத் தொற்றுகிற காய்ச்சல் அது. பேரில் பன்றி ஒட்டிக்கொண்டதால் எல்லோர் கண்ணும் பன்றிப் பக்கம் திரும்பியது.

பன்றிகளைக் கண்டு பயப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பத்து வருஷம் முந்தி ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பன்றிகளோடு மூளைக் காய்ச்சல் ஒன்று வந்து, கூடத்தையே மூடினார்கள். எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கூட வேலை செய்த ஒருவர் போயே போய்விட்டார். அந்த நாட்களில் இவர் தூங்கும்போது நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் நான். அப்போது பயந்ததில் நியாயம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது சொந்தக்காரர் ஒருவரும் பயப்படவில்லை. இவர் என்ன வேலை செய்கிறார் என்பதையே மறந்த மாதிரி இருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை விஷயம் பேச வந்த அன்று நாங்களும் என் நாத்தனார் வீட்டில் இருந்தோம். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "கோப்பிக்கடையில பன்னி எறச்சி ஸ்டால் பக்கத்துல உக்காரவே பயமா இருக்கு, தெரியுமா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு குணம். யாராவது பயந்தால் உடனே தேற்ற வேண்டும். "சாப்பிட்டா வராதும்மா. பயப்படாதீங்க. எங்க இடத்துல பன்னிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டெய்லி நான்தானே இறக்குறேன்" என்றார்.

நாத்தனார் பலகாரத் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்புறம், "பன்றியோட சேந்த கன்னுக்குட்டியும் என்னமோ திங்கும்பாங்களே" என்று பாதியில் நிறுத்தினார். மீதியை எல்லோரும் மனசுக்குள் முடித்துக்கொண்டார்கள். இவருக்கு மட்டும் ஒன்றும் உறைக்கவில்லை. எந்தத் தொழுவத்தில் எத்தனை அடைப்பார்கள், டாக்டர் எப்படி வந்து பார்ப்பார் என்று ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் காலை மிதித்தேன். "என்ன?" என்று சத்தமாகவே கேட்டார்.

சில நாள் கழித்து நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

"தம்பி, கோவிச்சுக்காதடா. அவங்க வீட்டுல வயசானவங்க இருக்காங்க, பயப்படுறாங்க. கல்யாணத்தன்னிக்கு மட்டும் நீங்க ரெண்டு பேரும் வராம இருந்தா... அப்புறம் நான் பேசிச் சரி பண்ணிக்கிறேன்."

"அப்ப தாரை வாக்குறது யாரு, அண்ணி?" என்று நான் கேட்டேன்.

பெண்ணின் அப்பா வழியில் ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் இருக்கிறாராம். அவரும் அவர் மனைவியும் உட்காருவார்களாம். அந்தப் பெரியப்பாவைப் பெண்ணின் அப்பா சாவுக்குப் பிறகு நான் கண்ணாலே பார்த்ததில்லை.

"அண்ணி, இவருக்கு ஒரு தும்மல்கூட இல்ல. டாக்டர்கிட்ட காட்டி சர்ட்டிபிகேட் வாங்கியாரட்டுமா?"

"சர்ட்டிபிகேட் வாங்கிட்டா பன்னி வேலை இல்லன்னு ஆயிடுமா? நீ சும்மா இரும்மா."

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாப்பாவுக்குத் தெரியுமா, அக்கா?"

"தெரியும்."

"சரி" என்றார். அக்காவை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வந்து, மறுபடி குளித்தார். அன்று லீவு நாள், வேலைக்கே போகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சவுக்காரத்தை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டார். லீவு போட்டிருந்ததை ரத்து செய்துவிட்டாராம். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னிக்கு உன் மருமக கல்யாணமாச்சே, இங்க என்ன பண்ற?" என்று கேட்டதற்கு, "தள்ளிப் போயிருச்சு லா" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்கனவே சிவப்பு உறையில் மொய் வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை, எப்போது நடக்கிறதோ அப்போது கொடு என்றுவிட்டார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. தேக்காக் கோயிலில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நான் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எவள் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்துக்கொண்டால் அழுகை வராது என்று பார்த்தேன். வந்தது.

கல்யாண டிவிடியைப் பிறகு நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். கோயில் மண்டப வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு. பக்கத்திலேயே கை துடைக்கிற மருந்துக் குப்பி. ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், மெல்பர்னில் படிக்கிறவன், முந்தின நாள்தான் வந்து இறங்கினானாம். அங்கே அப்போது அந்தக் காய்ச்சல் பரவிக்கிடந்தது, பேப்பரிலெல்லாம் வந்தது. படத்தில் அவன் இருமுகிறான். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமுகிறான், அப்புறம் அதே கையால் எல்லோருக்கும் கை கொடுக்கிறான். யாரும் தள்ளி உட்காரவில்லை. "ஃப்ளைட்ல ஏசி ஜாஸ்தி" என்று யாரோ சொல்வதும் பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை என்று முன்வரிசையில் உட்காரவைத்து, என் நாத்தனாரே பக்கத்தில் இருந்து பாயசம் ஊற்றுகிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் கல்யாண வீடே படுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காய்ச்சல். தாரை வார்த்த பெரியப்பாவுக்குக் காய்ச்சல். மணமக்களை வெளியே போகக்கூடாது என்று சொல்லி ஈசூன் வீட்டிலேயே இருக்கவைத்துவிட்டார்கள். சுவா சூ காங்கில் என் நாத்தனார் தனியாகக் கிடந்தார்.

போன் வந்தபோது நான்தான் எடுத்தேன். "தம்பி இருக்கானாம்மா? எழுந்திரிக்கவே முடியல. தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல."

நான் இவரிடம் போகாதீர்கள் என்றேன். கெஞ்சவில்லை, கத்தினேன். "உங்களுக்குச் சக்கர வியாதி இருக்கு. கல்யாணத்துக்கு ஆகாதவரு கஞ்சி ஊத்த மட்டும் ஆவீங்களா?"

"வேணாம்னது மாப்ள வீடு. அக்கா இல்ல."

"வாசல்ல வந்து நின்னு சொன்னது யாரு? மாப்ள வீடா?"

ஃபிளாஸ்க்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு போனார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவருக்குத் தானும் ஆடியது, சதையும் ஆடியது.

போகுமுன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, அக்காவுக்குக் காய்ச்சல், நான் பார்க்கப் போகிறேன் என்று சொன்னார். ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று அவர் சொல்லிவிட்டார். ஏனென்றால் மனுஷக் காய்ச்சல் பன்றிக்கு ஒட்டுமாம். சளி பிடித்தவன் யாரும் தொழுவத்துப் பக்கம் வரக்கூடாது என்று அங்கே முன்பிருந்தே கட்டளை. மனுஷக் கிருமியும் பன்றிக் கிருமியும் ஒரே உடம்பில் சேர்ந்தால் புதுசாக ஒன்று கிளம்பும், அது இரண்டு பேருக்கும் கெடுதல் என்று இவர் எனக்கு விளக்கினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பன்றியால் மனுஷருக்கு ஆபத்து என்று கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை; மனுஷரால் பன்றிக்கு ஆபத்து என்று வேலைக்கும் கூப்பிடவில்லை. பன்றிகளைக் காப்பாற்றவாவது ஒருத்தர் யோசித்தாரே என்றேன். இவர் சிரிக்கவில்லை.

நாலைந்து நாள் காலையும் மாலையும் போய்வந்தார். கஞ்சி ஊட்டினார், போர்வை மாற்றினார், வாந்தி எடுத்ததைத் துடைத்தார். இரண்டாவது நாள் திரும்பி வந்தபோது முகமூடி முகத்தில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது. ஏன், அங்கே போட்டுக்கொள்ளவில்லையா என்று கேட்டேன்.

"அக்கா கழட்டச் சொல்லிச்சு. அத மாட்டிட்டு வந்தா ஆஸ்பத்திரி ஆளு மாதிரி இருக்காம். சாகப் போற மாதிரி பயமா இருக்குதாம். பாவம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாத்தனார் தேறி எழுந்தார். இவர் படுத்தார்.

முதலில் உடம்பு வலி என்றார், அப்புறம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டார்கள். சொன்னதும் உள்ளே ஒரே பரபரப்பு. எத்தனை பன்றி, எப்போது தொட்டார், ஏதாவது பன்றி இருமியதா, சோர்ந்து கிடந்ததா என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பன்றியைத் தொட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, தொட்டதெல்லாம் அக்காவைத்தான் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பிறகு கூடத்துப் பன்றிகளையும் பார்த்தார்களாம், ஒன்றுக்கும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு இளம் டாக்டர் பெண், நம் பெண்தான், என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, இது பன்னிகிட்டேர்ந்து வந்தது இல்ல. ஊர்ல இப்ப எல்லாருக்கும் ஸ்ப்ரெட் ஆகுதே, அதே வைரஸ்தான். அவருக்கு டயபெடிஸ் இருக்கறதால லங்ஸ்ல ரொம்ப இறங்கிடுச்சு" என்றாள். நான் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களோடு படுத்திருந்தார். இந்தப் பக்கம் நான். பிறகு ஒரு நாள் காலையில் அவர் போய்விட்டார்.

மண்டாயில் தகனம். சொந்தக்காரர்கள் வந்தார்கள், வந்து, பின்வரிசையில் முகமூடியோடு உட்கார்ந்தார்கள். பெட்டியைத் தூக்கக் கை கொடுத்தது கூடத்திலிருந்து வந்தவர்கள்தான். சூப்பர்வைசர், லாரி ஓட்டுகிற இரண்டு பேர், ஜொகூரிலிருந்து தினமும் வேலைக்கு வருகிற ஒரு தமிழ்ப் பையன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்தை, நான் அன்னிக்கு மாமா வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். நான் அவளைத் தேற்றவில்லை. அப்போது நாத்தனார் வந்தார். பெட்டியின்மேல் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, எல்லோரும் கேட்க ஒப்பாரி வைத்தார். "பன்னி வேலை வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேக்கலையே! பன்னியே உன்னக் கொண்டுபோயிருச்சே என் தம்பி!"

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்த இடத்தில் சண்டை போட என்னிடம் தெம்பு இல்லை. அதற்குள் அது கதையாகிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில் அதே கதை, அடுத்த தைப்பூசத்தில் அதே கதை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொவிட் வந்து ஊரே முகமூடி மாட்டிக்கொண்ட காலத்தில்கூட, "எங்க வீட்டுல ஒருத்தர் அப்பவே பன்னிக் காய்ச்சல்ல போனவரு, பன்னிகூட வேலை பாத்தவரு" என்று இவரை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் மருமகளின் இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தினார்கள், தேக்காக் கோயிலில். மருமகள் நேரில் வந்து கூப்பிட்டதால் போனேன். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், நான் யார் என்று பக்கத்தில் விசாரித்துவிட்டு, "ஓ, உங்க வீட்டுக்காரருதானா அந்தப் பன்னிகிட்டேர்ந்து வாங்கிட்டுப் போனவரு?" என்று பரிதாபமாகக் கேட்டார். நாத்தனார் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கை கழுவுகிற இடத்தில் காத்திருந்தேன். அவர் கைத்தடியோடு மெதுவாக வந்தார்.

"அண்ணி, அவருக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். முகமூடியக் கழட்டச் சொன்னது யாருன்னும் தெரியும். இத்தன வருஷமா ஏன் பன்னிமேல போடுறீங்க?"

குழாயைத் திறந்தார். கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், விரல் விரலாக.

"தெரியும்" என்றார். "என் தம்பிக்கு நான்தான் குடுத்தேன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் எப்படிம்மா உயிரோட இருக்கிறது?"

இத்தனை வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குழாயை நான்தான் மூடினேன்.